உறைபனிக் காலத்தில் மீன்தொட்டியும் காய்கறிப் பாத்தியும்: ஊட்டி அருகே ஒரு வீட்டு அக்வாபோனிக்ஸ் அமைப்பின் நிகழ்வு ஆய்வு

உதகமண்டலத்தின் புறநகரில், படிப்படியான காய்கறி வயல்கள் முடிந்து ஓடை தொடங்கும் பள்ளத்தில் இருக்கும் ஒரு வீட்டின் பின்புறம் இந்த அக்வாபோனிக்ஸ் அமைப்பு, அதாவது மீன் கழிவையே உரமாகக் கொண்டு மண்ணில்லாமல் காய்கறி வளர்க்கும் அமைப்பு, உள்ளது. 1,000 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு மீன்தொட்டி, 300 லிட்டர் சேகரிப்புத் தொட்டி, ஒரு அடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பிய மூன்று பாத்திகள் ஆகியவைதான் அதன் உறுப்புகள். பாத்திகளின் மொத்தப் பரப்பு மூன்று சதுர மீட்டர். ஒரு சிறு மோட்டார் மீன்தொட்டி நீரைப் பாத்திகளுக்கு ஏற்றுகிறது. பாத்தி நிரம்பியதும் மணி சைபன் என்னும் தானாக இயங்கும் வடிகுழாய் நீரை இழுத்துச் சேகரிப்புத் தொட்டியில் விட, அங்கிருந்து அது மீண்டும் மீன்தொட்டிக்கு வருகிறது. இவை அனைத்துக்கும் மேலே 200 மைக்ரான் பாலித்தீன் தாள் போர்த்திய ஒரு சிறிய பசுமைக் குடில் இருக்கிறது. குடும்பத் தேவைக்கு மட்டுமே காய்கறி விளைகிறது. விற்பனை நோக்கம் இல்லை.

கோடைத் தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய இந்த அமைப்பு, தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தையும் மூட்டத்தையும் தாண்டி, அக்டோபர் வரை எந்தச் சிக்கலும் தராமல் லெட்யூஸ், பாக்சோய், கொத்தமல்லி, சில தக்காளிச் செடிகள் என்று கொடுத்துக்கொண்டிருந்தது. டிசம்பரில், மழை விலகி வானம் தெளிந்து இரவுகள் குளிர்ந்தபோது, முதலில் கீரைகள் வெளுத்தன. பிறகு மீன்கள் தீனிக்கு மேலே வருவதை நிறுத்தின. வீட்டுக்காரர் என்னை அழைத்துச் சொன்ன முதல் வாக்கியம், "கீரையெல்லாம் வெளுத்துப் போச்சுங்க சார், தீனி பத்தலைபோல, கூட்டிப் போட்டுப் பார்த்தேன், அதுக்கும் தேறலை" என்பது. பின்னர் நடந்த அனைத்துக்கும் திறவுகோல் இந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது. அதனால் அந்த நிலைமையை எப்படிப் புரிந்துகொண்டோம், என்ன மாற்றினோம், எந்தப் பயிர் தேறியது, எது தேறவில்லை என்பதைச் சற்று விரிவாகப் பதிவு செய்கிறேன்.

இந்த மலையின் குளிர்காலம்

வீட்டு அக்வாபோனிக்ஸ் பற்றி நமக்குக் கிடைக்கும் குளிர்கால அறிவுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலும் உருவானது. லண்டனில் டிசம்பர் மாதப் பகல்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலான கீரைகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும் என்பது அங்குள்ள தோட்டக்காரர்களின் பொது அனுபவம். அங்கே குளிரில் நுண்ணுயிர்கள் சோர்வடையும்போது வெளிச்சக் குறைவால் செடிகளும் சோர்ந்துவிடுகின்றன. உணவு வழங்குபவரும் உண்பவரும் ஒரே நேரத்தில் ஓய்வெடுப்பதால் அமைப்பு தானாகவே ஒரு சமநிலைக்கு வந்துவிடுகிறது.

உதகையில் அப்படி இல்லை. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பதினோரு பாகை வடக்கே, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். ஆண்டின் மிகக் குறுகிய நாளிலும் இங்கே சுமார் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்திருக்கும் நாள்களில் பகல் வெயில் கூர்மையாக அடிக்கும். நண்பகல் வெப்பம் 20 டிகிரியைத் தொடும். அதே தெளிந்த வானம்தான் இரவில் நிலத்தின் வெப்பத்தைத் தடையின்றி மேலே விட்டுவிடுகிறது. காற்றில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது டிசம்பர் இறுதிக்குள் உறைபனியாக மாறுகிறது. காந்தல், தலைகுந்தா போன்ற பள்ளப் பகுதிகளில் புல்வெளி வெள்ளையாகிவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

ஆக, இங்கே பகலில் செடிக்கு வெளிச்சமும் இளஞ்சூடும் கிடைக்கின்றன. அது வளரத் துடிக்கிறது, உரம் கேட்கிறது. தண்ணீரோ இரவெல்லாம் குளிர்ந்து, காலை பத்து மணி வரையிலும் குளிர்ந்தபடியே கிடக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிர்களால் செடி கேட்கும் வேகத்தில் உரம் தயாரிக்க முடிவதில்லை. இந்தப் பொருத்தமின்மைதான் மலைப்பகுதி அக்வாபோனிக்ஸின் தனிச்சிக்கல் என்பது என் உறுதியான கருத்து. இதைப் புரிந்துகொள்ளாமல் பிற நாட்டுக் குளிர்கால அட்டவணையைப் பின்பற்றினால், சமவெளி முறையைப் பின்பற்றுவதைப் போலவே அதுவும் தவறான முடிவுகளுக்கே கொண்டுபோகும்.

மீன் தேர்வு சரியாகவே இருந்தது

சமவெளியில் பலரும் வளர்க்கும் ஜிலேபி கெண்டை இந்த வீட்டில் இல்லை என்பது பெரிய நல்வாய்ப்பு. அது தண்ணீர் 16, 17 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே உணவை ஒதுக்கத் தொடங்கி, 10 முதல் 12 டிகிரியில் இறக்கத் தொடங்கிவிடும். இங்கே வளர்ப்பது சாதா கெண்டை. நீலகிரிக்கு இந்த மீன் புதிதல்ல. சாதா கெண்டையின் ஐரோப்பிய வகை 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு இந்த மலையின் நீர்நிலைகளில்தான் முதலில் விடப்பட்டது. ஏறக்குறைய உறைநிலை வரை தாக்குப்பிடிக்கும் அது, குளிரில் தீனியைக் குறைத்துக்கொண்டு அடித்தளத்தில் அமைதியாகக் கிடக்கும்.

ட்ரவுட் வளர்க்கலாமே என்று இங்குள்ளவர்கள் கேட்பது இயல்பு. அவலாஞ்சியில் 1907 முதல் ட்ரவுட் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. 14 முதல் 16 டிகிரித் தண்ணீர் அந்த மீனுக்கு மிகவும் உகந்தது. ஆனாலும் வீட்டுத் தொட்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ட்ரவுட்டுக்கு ஓடும் நீரின் அளவுக்குக் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். காற்றடிக்கும் இரவில் மரம் விழுந்து மின்சாரம் நின்றால், மாற்று ஏற்பாடு இல்லாத வீட்டில் விடிவதற்குள் தொட்டி காலியாகிவிடும். கெண்டை அந்த நிலையில் பல மணி நேரம் பொறுத்துக்கொள்ளும்.

ஆக்சிஜன் பற்றி ஒரு பொது அச்சமும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறையும் என்பது உண்மை. உதகையின் உயரத்தில் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆனால் குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைத் தாங்கும். 12 டிகிரியில் இங்கே ஒரு லிட்டரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். சென்னையில் 30 டிகிரித் தண்ணீரில் கரைவது ஏழரை மில்லிகிராம்தான். எனவே குளிர்காலத்தில் இங்கே ஆக்சிஜன் முதன்மையான கவலை இல்லை.

டிசம்பரில் தண்ணீர் என்ன சொன்னது

நான் சென்றபோது விடியற்காலைத் தண்ணீர் வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டி இருந்தது. பிற்பகலில் அது மூன்று டிகிரி அளவுக்கு ஏறி, இரவில் திரும்பவும் இறங்கியது. சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியில் அம்மோனியா சிறிது தெரிந்தது. நைட்ரைட் சோதனையில், வான்நீலமாக இருக்க வேண்டிய குழாய் சில நிமிடங்களில் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. நைட்ரேட் மிகக் குறைவு. அமிலகார அளவு (pH) 6-க்கு அருகே இறங்கியிருந்தது. வலையில் தூக்கிப் பார்த்த ஒரு கெண்டையின் செவுள், செந்நிறமாக இருக்க வேண்டிய இடத்தில் மங்கிய பழுப்பாக இருந்தது.

இந்த நான்கு அளவுகளையும் சேர்த்துப் படித்தால் நடந்தது தெளிவாகும். மீன் உண்ட புரதத்தின் கழிவு அம்மோனியாவாக வெளிவருகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடி பெரும்பாலும் எடுத்துக்கொள்வது கடைசியில் வரும் நைட்ரேட்டை. இந்த நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்வது சுமார் 17 முதல் 34 டிகிரி வரை. 10 டிகிரிக்குக் கீழே அவற்றின் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டாம் வகை நுண்ணுயிர்கள் முதல் வகையைவிடக் குளிருக்கு எளிதில் தளர்ந்துவிடும். அதனால் அம்மோனியா நைட்ரைட்டாக மாறும் வேலை ஓரளவு நடந்துகொண்டே இருக்க, நைட்ரைட் நைட்ரேட்டாக மாறும் வேலை பின்தங்கி, நடுவில் நைட்ரைட் தேங்குகிறது. மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கும் நஞ்சு மிகுகிறது. செடிக்கு உரம் குறைகிறது. வெளுத்த கீரையும் பழுப்புச் செவுளும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

வீட்டுக்காரர் கீரை வெளுத்ததைக் கண்டு தீனியைக் கூட்டியது கோடையில் சரியான முடிவாக இருந்திருக்கும். கீரைப் பயிருக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி என்பது உலக உணவு வேளாண் அமைப்பு 2014-இல் வெளியிட்ட சிற்றளவு அக்வாபோனிக்ஸ் கையேட்டின் கணக்கு. அவர் அதன்படிதான் மூன்று சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் வரை போட்டு வந்தார். அந்தக் கணக்கு வேலை செய்யும் நுண்ணுயிர்களை அனுமானித்து எழுதப்பட்டது. 10 டிகிரித் தண்ணீரில் அதே தீனியைப் போட்டால், கெண்டை பாதியைக்கூட உண்பதில்லை. மீதி அடியில் படிந்து அழுகி, ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்களின் மேல் கூடுதல் சுமையாக விழுகிறது.

அம்மோனியா தெரிந்ததைக் கண்டு வீட்டில் அனைவரும் பயந்திருந்தார்கள். இந்த நிகழ்வில் அது ஆபத்தாக இருக்கவில்லை. நீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் மீனுக்கு நஞ்சாக இருப்பது ஒரு சிறு பகுதி மட்டுமே; அந்தப் பகுதி வெப்பத்தோடும் காரத்தோடும் கூடும். 28 டிகிரி வெப்பமும் 8 என்ற அமிலகார அளவும் உள்ள நீரில் அது 6 விழுக்காட்டைத் தாண்டும். 12 டிகிரியும் 7 என்ற அளவும் உள்ள நீரில் அது 0.2 விழுக்காடுதான். அதாவது குளிர்ந்த, நடுநிலையான நீரில் அம்மோனியாவின் கொடுமை முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இந்த மலையில் குளிர்காலத்தில் கவனிக்க வேண்டிய குழாய் நைட்ரைட் குழாய்.

மென்னீரின் பங்கு

குளிர் மட்டுமே காரணம் என்று நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். நீலகிரியின் ஊற்றுநீரும் மழைநீரும் மிகவும் மென்மையானவை. சுண்ணாம்புச் சத்தும் காரத்தன்மையும் குறைவு. இந்த வீட்டில் வடகிழக்குப் பருவமழையின்போது குடில் கூரை நீரைச் சேகரிப்புத் தொட்டிக்கே திருப்பிவிட்டிருந்தார்கள். தண்ணீர் சேமிப்பாக அது பாராட்டத்தக்கது. ஆனால் மழைநீரில் காரத்தன்மை இல்லை என்றே சொல்லலாம்.

நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது, ஒவ்வொரு கிராம் நைட்ரஜனுக்கும் சுமார் 7 கிராம் சுண்ணாம்புக் கார்பனேட்டுக்கு இணையான காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. 32 விழுக்காடு புரதமுள்ள தீனி 100 கிராம் போட்டால், ஏறக்குறைய 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் உண்டாகும். அது முழுவதும் மாற 21 கிராம் அளவுக்குக் காரத்தன்மை தேவை. 1,300 லிட்டர் நீரில் பகிர்ந்து பார்த்தால் லிட்டருக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம். செடிகள் நைட்ரேட்டை உறிஞ்சும்போது அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன என்பதால் உண்மைச் செலவு இதைவிடக் குறைவுதான். ஆனாலும் லிட்டருக்கு 30 மில்லிகிராம் மட்டுமே கொண்ட ஒரு மென்னீர் எத்தனை விரைவில் காலியாகும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. காரத்தன்மை தீர்ந்தால் அமிலகார அளவு சரியும். அது 6-க்கு அருகே போனால் நுண்ணுயிர்கள் குளிர் இல்லாமலே சோர்ந்துவிடும். இந்தத் தொட்டியில் இரண்டும் ஒன்றாக வந்தன.

செய்த மாற்றங்கள்

முதலில் தீனியை முற்றிலும் நிறுத்தினோம். குளிர்ந்த நீரில் கெண்டைக்குச் சில வாரப் பட்டினி ஒரு துன்பமே அல்ல. அடியில் படிந்திருந்த கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி, வெளியே உள்ள பழமரங்களுக்கு விட்டோம்.

நைட்ரைட்டின் நஞ்சைத் தடுக்கக் குளோரைடு சேர்த்தோம். நைட்ரைட் செவுள் வழியாகவே ரத்தத்தில் நுழைகிறது. அதே வழியில் குளோரைடும் போட்டியிடுவதால், நீரில் குளோரைடு இருந்தால் நைட்ரைட் உள்ளே போவது குறையும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடு என்ற அளவை எட்ட, 1,300 லிட்டருக்குச் சுமார் 215 கிராம் உப்பு போதும். ஆனால் மூடிய சுழற்சியில் சோடியம் வெளியேறுவதில்லை. செடிகளும் அதை விரும்புவதில்லை. எனவே பாதி அளவைக் கல்லுப்பாகவும் மீதியைக் கால்சியம் குளோரைடாகவும் சேர்த்தோம். மென்னீரில் கால்சியம் கூடுவது முட்டைக்கோஸ் குடும்பப் பயிர்களுக்கு ஒரு கூடுதல் நன்மை. செவுள்களின் நிறம் அடுத்த சில நாள்களில் தெளிந்தது. நைட்ரைட் அளவு குறைவதற்கு அதைவிட நீண்ட காலம் பிடித்தது.

காரத்தன்மைக்குப் பொட்டாசியம் பைகார்பனேட்டையும் நீர்த்த சுண்ணாம்பையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். கரீபியனில் உள்ள வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி வளர்த்தெடுத்த முறையிலும் பொட்டாசியம் சார்ந்த காரத்தையும் கால்சியம் சார்ந்த காரத்தையும் இப்படித்தான் மாறி மாறிச் சேர்க்கிறார்கள். மீன் தீனியில் போதாமல் இருக்கும் இரண்டு சத்துகளும் அதன் வழியே செடிக்குக் கிடைத்துவிடுகின்றன. 50 கிராம் தீனி போடும் நாளில் 20 கிராம் பைகார்பனேட்டுக்கு மேல் தேவைப்படாது. சுண்ணாம்பை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த பின் சேகரிப்புத் தொட்டியில் சிறிது சிறிதாக விட வேண்டும். மீன்தொட்டியில் நேராகக் கொட்டக் கூடாது. அமிலகார அளவை 6.8 முதல் 7 வரை நிறுத்துவதே இலக்கு. அதற்கு மேல் ஏற்றினால் இரும்புச் சத்து செடிக்கு எட்டாமல் போகும்.

அடுத்தது வெப்பம். மின்சாரச் சூடேற்றி வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒரு சிறு கணக்கே பதில். 1,000 லிட்டர் தண்ணீரை 5 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒவ்வொரு இரவும் இழக்கும் 3 டிகிரியை ஈடுகட்டவே மூன்றரை யூனிட் போகும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டும். மின்கட்டணத்தைக் கணக்குப் பார்த்து வாழும் ஒரு குடும்பத்துக்கு இது பொருந்தாது. இழப்பைத் தடுப்பதுதான் வழி.

இந்த அமைப்பில் வெப்பம் எங்கே போகிறது என்பதைக் கண்டறிய, இரவில் பாத்தி நீரையும் தொட்டி நீரையும் தனித்தனியே அளந்தோம். தொட்டிச் சுவர்களைவிட ஜல்லிப் பாத்திகள்தான் பெரிய ஓட்டை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீரை ஜல்லியின் இடுக்குகள் வழியே ஏற்றி இறக்குவது, பகலில் சூரிய வெப்பத்தைச் சேகரிக்கும் அருமையான வழி. இரவில் அதே ஏற்பாடு, ஆற்றுவதற்காகவே செய்துவைத்ததைப் போல வெப்பத்தை வெளியே கொட்டுகிறது. எனவே மோட்டாரை காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை மணிக்கொரு முறை ஓடும்படியும், இரவில் பாத்தியின் ஈரம் காயாமல் இருக்க இரண்டு முறை மட்டுமே ஓடும்படியும் நேரக்கட்டுப்பாட்டுக் கருவியில் மாற்றினோம். மீன்தொட்டியின் காற்றுப் பம்பு மட்டும் இரவு முழுதும் ஓடியது. ஜல்லியின் மேல் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் ஈரமும் காற்றும் இருந்தால் ஓர் இரவைத் தாங்கிக்கொள்ளும்.

தொட்டியின் நான்கு பக்கமும் இரண்டு அங்குலத் தெர்மாக்கோல் பலகை வைத்துக் கட்டி, மேலே மரச்சட்டத்தில் பதித்த மூடி போட்டோம். பாத்திகளின் வெளிப்பக்கத்துக்கும் அதே போர்வை. இவ்வளவுக்குப் பிறகு விடியற்காலைத் தண்ணீர் 13 டிகிரியை ஒட்டி நின்றது. மூன்று டிகிரி என்பது மனிதனுக்குப் பெரிதாகத் தெரியாத வேறுபாடு. அந்தத் தண்ணீரில் வாழும் உயிர்களுக்கோ அது ஒரு பருவமே மாறியதற்குச் சமம்.

செடிகளின் இலைக்கு உறைபனிக் காப்பு தனியாக வேண்டும். பாலித்தீன் குடில் இரவு வெப்பத்தைப் பெரிதாகப் பிடித்துவைக்காது. அதன் உட்புறக் காற்று வெளியைவிடச் சிறிதே சூடாக இருக்கும். இங்கே அரசுத் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் செடிகளைப் பந்தல்போல வைத்து மூடுவது நெடுநாள் வழக்கம். அதே கருத்தைக் கொண்டு, குடிலுக்குள் பாத்திக்கு மேலே வளைத்த கம்பிகளில் மெல்லிய வெள்ளைத் துணியை மாலையில் விரித்து, காலை வெயில் ஏறியதும் எடுத்தார்கள். மேலே பாலித்தீன், உள்ளே துணி என்று இரண்டு அடுக்கு இருந்தால் இலை நுனி கருகுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வீட்டம்மா இதை மாலை விளக்கேற்றும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டதால் ஒரு நாளும் தவறவில்லை. இந்தக் குளிர்காலத்தில் கீரைகளைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அந்த ஒழுங்குக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பயிர்கள் ஒவ்வொன்றாக

லெட்யூஸ், பாக்சோய், பாலக், சுவிஸ் சார்டு ஆகியவை தண்ணீர் சீரான பிறகு புதுத் துளிர்களைப் பச்சையாகவே விட்டன. பழைய வெளுத்த இலைகள் திரும்பவில்லை. அவற்றைக் கிள்ளி எறிய வேண்டியிருந்தது. சுவிஸ் சார்டு வெளியிலைகளை மட்டும் ஒடித்துக்கொண்டே போகலாம் என்பதால் வீட்டுக்கு மிகவும் பயன்பட்டது. இவற்றுக்கு நைட்ரேட் தேவை மிதமானது. குறைந்த தீனியில் ஓடும் குளிர்கால அமைப்பு தாங்கக்கூடிய சுமை இதுதான்.

நூல்கோல் மிக நன்றாக வந்தது. ஜல்லிப் பாத்தியில் கேரட் விதைத்தால் கற்களுக்கு இடையில் கிளைத்து, முறுக்கிக்கொண்டு வரும். முள்ளங்கியும் பீட்ரூட்டும் ஓரளவு ஒழுங்காக வரும். நூல்கோலில் நாம் உண்ணும் பகுதி தரைக்கு மேல் பருக்கும் தண்டு என்பதால் ஜல்லி அதற்குத் தடையில்லை. மலைக் காய்கறிகளில் இந்த முறைக்கு இத்தனை பொருத்தமான வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை.

காலிஃபிளவர் ஏமாற்றம் அளித்தது. நவம்பரில் குழித்தட்டு நாற்றுகளைச் சற்றுத் தாமதமாக நட்டிருந்தார்கள். செடி முழு உருவம் பெறுவதற்கு முன்பே எலுமிச்சை அளவில் பூ கட்டி, அத்தோடு நின்றுவிட்டது. முதிர்ந்த நாற்று, இளஞ்செடிப் பருவத்தில் குளிர், நைட்ரஜன் பற்றாக்குறை ஆகிய மூன்றும் சேர்ந்தால் காலிஃபிளவர் இப்படித்தான் பொத்தான் பூ வைக்கும். டிசம்பரின் நைட்ரேட் பஞ்சம் எந்தப் பயிரில் நிலையான தழும்பை விட்டது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பூ வைக்கும் பயிருக்குச் சதுர மீட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை தீனி வேண்டும். இந்த அமைப்பு குளிர்காலத்தில் அதைச் செரிக்காது. போதாக்குறைக்கு அமில நீரில் மாலிப்டினம் கிடைக்காமல் சில இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சிச் சாட்டைபோல் குறுகின. காலிஃபிளவரும் புரோக்கோலியும் வேண்டுமென்றால் ஆகஸ்ட் இறுதியில், தண்ணீரில் வெப்பமும் நைட்ரேட்டும் இருக்கும்போதே நட்டுவிட வேண்டும். அல்லது அவற்றை மண்ணுக்கே விட்டுவிட வேண்டும்.

பட்டாணி எதிர்பாராத அளவுக்குத் தந்தது. வேர் முடிச்சுகளால் தனக்கான நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும் பயிர் என்பதால், நைட்ரேட் குறைந்த நீரில் அது வருந்துவதில்லை. பூக்கும் நேரத்தில் உறைபனி பட்டால் மட்டும் பூ உதிரும். துணி மூடியிருந்த கொடிகளில் அது நேரவில்லை. இலைகளில் சாம்பல் நோய் தலைகாட்டியபோது, நீருக்குச் சேர்க்க வாங்கிய பொட்டாசியம் பைகார்பனேட்டையே லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்துத் தெளித்தோம். வழிந்து பாத்தியில் விழுந்தாலும் மீனுக்குக் கேடில்லாத மருந்து அது ஒன்றுதான் அப்போது கையில் இருந்தது.

பூச்சிகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குளிரில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் தொல்லை குறைவாகவே இருந்தது. அசுவினிகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். ரசாயனப் பூச்சிக்கொல்லியோ சோப்புக் கரைசலோ இந்தச் சுழற்சிக்குள் வரவே கூடாது. புழு மிகுந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர்த் தெளிப்பு மட்டும் போதும். பச்சையாக உண்ணும் இலைகளின் மேல் மீன்தொட்டி நீர் படாமல் பார்த்துக்கொள்வதும், பறித்த பின் நல்ல நீரில் கழுவுவதும் கட்டாயம். காட்டுமாடும் கரடியும் வந்துபோகும் பகுதி என்பதால் மீன் தீனி மூட்டையைக் குடிலில் வைக்காமல் வீட்டுக்குள் வைக்கும்படி சொன்னேன். அந்த வாசனைக்குக் கரடி வந்தால் பாலித்தீன் தாள் ஒரு தடையாகாது.

மார்ச் மாதத்தை நோக்கி

ஜனவரி இறுதியில் நைட்ரைட் குழாய் மீண்டும் வான்நீலமாக நின்றபோது, தீனியை மூன்றில் ஒரு பங்காக, அதாவது 40 முதல் 50 கிராம் என்ற அளவில் தொடங்கினோம். நாள்காட்டியை வைத்துத் தீனியைக் கூட்டாமல் வெப்பமானியை வைத்துக் கூட்டும்படி ஒரு சிறு அட்டையைக் குடில் கதவில் ஒட்டியிருக்கிறோம்: காலைத் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் தீனி இல்லை; 10 முதல் 14 வரை பிற்பகலில் ஒரு முறை, ஐந்து நிமிடத்தில் மீன்கள் உண்டு முடிக்கும் அளவு; 14-ஐத் தாண்டினால் நைட்ரைட் பார்த்துவிட்டுச் சிறிது சிறிதாக உயர்த்தலாம்.

இன்னும் தீராத ஓர் ஆபத்து பாத்திகளின் அடியில் இருக்கிறது. கோடையில் ஜல்லிக்குள் வாழும் மண்புழுக்கள் கசடைச் சிதைத்து உரமாக்கிவிடும். குளிரில் அவையும் மந்தமாகிவிடுவதால், டிசம்பரின் உண்ணாத் தீனியும் மீன் கழிவும் அங்கே தேங்கியிருக்கின்றன. மார்ச்சில் தண்ணீர் விரைவாகச் சூடேறும்போது அவை ஒரே மூச்சில் சிதைந்து அம்மோனியாவை விடும். அப்போது நீர் வெதுவெதுப்பாகவும், சேர்த்த சுண்ணாம்பால் காரமாகவும் இருந்தால், குளிர்காலத்தில் தீங்கில்லாமல் இருந்த அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். நீண்ட பட்டினிக்குப் பிறகு மீன்களின் நோய் எதிர்ப்பும் அந்த நேரத்தில் குறைவாகவே இருக்கும். அதனால் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஒவ்வொரு பாத்தியாக நீரை வடித்து, சைபன் குழாயைச் சுற்றியுள்ள ஜல்லியை அள்ளி அலசிப் போடும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றையும் ஒரே நாளில் அலசினால் நுண்ணுயிர்களும் சேர்ந்து போய்விடும் என்பதால், ஒரு பாத்திக்கும் அடுத்ததற்கும் இரண்டு வாரம் இடைவெளி விடும்படி கேட்டுக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலத்துக்காக மீன்தொட்டியை அரைப்பங்கு மண்ணுக்குள் இறக்கும் திட்டம் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் இரவு பகலுக்கு ஏற்ப ஆடுவதில்லை. அது ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும், உதகையில் அந்தச் சராசரி சுமார் 14 டிகிரி. கூரை மழைநீரைத் தனித் தொட்டியில் பிடித்து, சுண்ணாம்புக் கல் போட்டு வைத்த பிறகே சுழற்சிக்குள் விடவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் தீனியைக் குறைக்காமல், நடும் செடிகளைச் சற்றுக் குறைத்து, லிட்டருக்கு 80 முதல் 100 மில்லிகிராம் வரை நைட்ரேட்டைத் தண்ணீரில் இருப்பு வைத்துக்கொண்டு டிசம்பருக்குள் நுழைய வேண்டும் என்பது என் யோசனை. அந்த இருப்பிலிருந்து கீரைகள் எத்தனை வாரம் எடுத்துண்ணும் என்பதை வாரந்தோறும் அளந்து எழுத, வீட்டுக்காரரின் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.